'ஹாலோவீன் எண்ட்ஸ்': இறுதிப் பாகம் எதை முடித்து வைத்தது?

இருட்டறை எழுதியது:

ஜான் கார்பென்டர் 1978இல் தொடங்கிவைத்த ஹாலோவீன் வரிசையின் பதின்மூன்றாவது படமும், டேவிட் கோர்டன் கிரீன் இயக்கிய மூன்று படங்களில் கடைசியுமான 'ஹாலோவீன் எண்ட்ஸ்' 2022 அக்டோபர் 14 அன்று வெளிவந்தது. அன்று முதல் அதைப் பற்றிய பேச்சு ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: வரிசையின் முகமூடிக் கொலைகாரனான மைக்கேல் மையர்ஸின் இறுதிப் படத்தில் மைக்கேல் மையர்ஸ் எங்கே? அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் படத்தில் இல்லாததை மட்டும் வைத்து அதை அளந்துவிட்டு, அதில் இருப்பதைப் பெரும்பாலோர் பேசாமல் விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கதை முழுவதையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருப்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதல் காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். 2019ஆம் ஆண்டு ஹாலோவீன் இரவு. கோரி கன்னிங்ஹாம் என்ற இளைஞன், பெற்றோர் வெளியே செல்லும் நேரத்தில் ஜெரமி என்ற சிறுவனைப் பார்த்துக்கொள்ள ஒரு வசதியான வீட்டுக்கு வருகிறான். சிறுவன் விளையாட்டாக அவனை மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். பயந்துபோன கோரி கதவை உதைத்துத் திறக்கும்போது, மறுபுறம் நின்றிருந்த சிறுவன் மாடிப்படியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சரியாக அந்நேரம் வீடு திரும்பிய பெற்றோரின் கண்முன்னே விழுந்து இறக்கிறான். இந்த வரிசையின் எந்தப் படத்திலும் இதற்கு முன்பு இப்படி ஒரு தொடக்கம் இருந்ததில்லை. முகமூடி அணிந்தவன் எந்த மூலையிலிருந்து வருவான் என்று நாம் காத்திருக்கிறோம். அவன் வரவே இல்லை, மரணம் மட்டும் வருகிறது.

1978 படத்தின் நாயகி லாரி ஸ்ட்ரோட் செய்ததும் இதே வேலைதான். ஹாலோவீன் இரவில் அடுத்தவர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அந்த இரவிலிருந்து தப்பிப் பிழைத்தவளாக ஊருக்குத் தெரிய வந்தாள். கோரி அதே வேலைக்கு வந்து, ஊரின் பார்வையில் கொலைகாரனாகிறான். சட்டம் அவனை விடுவித்த பிறகும் கதை நடக்கும் ஊரான ஹேடன்ஃபீல்ட் அவனை விடுவிக்கவில்லை. மைக்கேல் காணாமல் போன நான்கு ஆண்டுகளில், வெறுப்பதற்கு ஒரு முகம் தேவைப்பட்ட ஊருக்கு அவன் முகம் கிடைத்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை படத்தின் முழுப் பொருளும் இதுதான். அதைச் சொல்லும் துணிச்சல் ஒரு வணிகத் திகில் வரிசையின் கடைசிப் படத்துக்கு இருந்தது என்பதை மதிக்கிறேன். உங்கள் கருத்துகளை விரிவாக எழுதுங்கள்.

பின்வரிசை எழுதியது:

நண்பர் இருட்டறை சொல்லும் முதல் காட்சி சிறப்பானது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சிறந்த முதல் காட்சி ஒன்றைக் காட்டிவிட்டு, விளம்பரத்தில் சொன்ன கதையைத் தராமல் வேறொரு கதையைத் தருவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். சுவரொட்டியிலும் முன்னோட்டத்திலும் நமக்கு வாக்களிக்கப்பட்டது லாரிக்கும் மைக்கேலுக்கும் இடையிலான கடைசி மோதல். 44 ஆண்டுகள் கழித்து, லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் இந்தப் பாத்திரத்திடமிருந்து விடைபெறுகிறார் என்பதைச் சொல்லித்தான் படத்தை விற்றார்கள். ஆனால் படம் தொடங்கி வெகுநேரம் கழித்தே மைக்கேல் கண்ணில் படுகிறான், அதுவும் பாலத்தின் கீழுள்ள கழிவுநீர்ச் சுரங்கத்தில் ஒளிந்து கிடக்கும் நோயாளியைப் போல.

பார்வையாளர்கள் ஏமாந்தார்கள் என்பது என் ஒருவனின் உணர்வு மட்டுமன்று. திரையரங்கிலிருந்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் கிரீனின் முதல் படமான 2018 படத்துக்கு பி பிளஸ், 2021இல் வந்த 'ஹாலோவீன் கில்ஸ்' படத்துக்கு பி மைனஸ், இறுதிப் படத்துக்கு சி பிளஸ் என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூலும் அதே கதையைத்தான் சொல்கிறது: 2018 படம் ஏறத்தாழ 7.6 கோடி டாலர், அடுத்தது 4.9 கோடி, இது 4 கோடி. மூன்றாவது படம் திரையரங்கில் வெளியான அதே நாளில் பீகாக் ஓடிடி தளத்திலும் வந்தது என்பது உண்மைதான், ஆனால் இரண்டாவது படமும் அப்படித்தான் வந்தது. எனவே வீழ்ச்சி முழுவதையும் ஓடிடியின் மேல் சுமத்திவிட முடியாது.

என் முதன்மையான குறை இதுதான். கோரி இந்த மூன்று படங்களில் கடைசிப் படத்தில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறான். நாம் அறியாத ஒருவனுக்காக, நாம் நாற்பது ஆண்டுகளாக அறிந்த இருவரின் கதையை ஓரம் தள்ளியது திரைக்கதையின் அடிப்படைப் பிழை. ரோஹன் கேம்பல் நன்றாக நடித்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. அவரை வைத்துத் தனிப்படம் எடுத்திருந்தால் நானே முதல் ஆளாகப் போய்ப் பார்த்திருப்பேன்.

செங்காந்தள் எழுதியது:

கோரியைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் படத்தில் இருக்கும் சிக்கல் லாரியைப் பற்றியது.

2018 படத்தில் நாம் பார்த்த லாரியை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகள் ஒரு மனிதனுக்காகக் காத்திருந்து, வீட்டையே பொறியாகக் கட்டி, துப்பாக்கிப் பயிற்சியில் மகளை வளர்த்து, அந்த வளர்ப்பினாலேயே மகளைப் பிரிய நேர்ந்த தாய் அவர். அந்தப் படத்தின் வலிமை அதில்தான் இருந்தது. 1981இல் வந்த இரண்டாம் பாகம் லாரியை மைக்கேலின் தங்கையாக்கிவிட்டது. 2018 படம் அந்த உறவையும் இடையில் வந்த எல்லாப் பாகங்களையும் நீக்கிவிட்டு, அவர் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் என்ற நிலைக்கே திரும்பியது. எந்தக் காரணமும் இல்லாமல் தாக்கப்பட்ட ஒருவர் எப்படி வாழ்வார் என்ற கேள்வியை அது நேர்மையாக எதிர்கொண்டது.

'ஹாலோவீன் கில்ஸ்' முடியும்போது அவருடைய மகள் காரனை மைக்கேல் கொன்றுவிடுகிறான். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து இறுதிப் படத்தில் நாம் காணும் லாரி பேத்தி ஆலிசனோடு ஊருக்குள் ஒரு வீட்டில் குடியிருந்து, பூசணிக்காய்ப் பணியாரம் செய்து, நினைவுக் குறிப்புகள் எழுதிக்கொண்டு, ஹாக்கின்ஸ் என்ற காவல் அதிகாரியோடு செர்ரிப் பூக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மகள் உயிரோடிருந்தபோது, மைக்கேல் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தபோது, அச்சத்தால் கதவுகளைப் பூட்டியே வாழ்ந்தவர், மகள் கொல்லப்பட்டு மைக்கேல் வெளியே திரியும்போது அமைதியாகிவிட்டாரா? மனம் அப்படி மாறவும் கூடும். ஆனால் அந்த மாற்றம் நிகழ்ந்த நான்கு ஆண்டுகளைப் படம் நமக்குக் காட்டவே இல்லை. துயரத்திலிருந்து மீளும் பாதைதான் இந்த வரிசையில் சொல்லப்பட வேண்டிய கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இரண்டு படங்களுக்கு இடையிலான இடைவெளியில் தொலைத்துவிட்டார்கள்.

ஆலிசனுக்கு நேர்ந்ததும் இதேதான். தந்தை, தாய், நண்பர்கள் அனைவரையும் ஒரே இரவில் இழந்த பெண், அறிமுகமான சில நாட்களிலேயே கோரியோடு ஊரைவிட்டுப் போகத் துணிகிறாள். அவளுக்கு இந்த ஊரிலிருந்து வெளியேற வேண்டும் என்ற ஏக்கம் இருப்பது புரிகிறது, அந்த ஏக்கத்துக்கு ஆண்டி மாடிசக் தன் முகத்தில் முழு நியாயமும் செய்திருக்கிறார். எழுத்துதான் அவருக்குத் துணை நிற்கவில்லை.

இருட்டறை எழுதியது:

//மனம் அப்படி மாறவும் கூடும். ஆனால் அந்த மாற்றம் நிகழ்ந்த நான்கு ஆண்டுகளைப் படம் நமக்குக் காட்டவே இல்லை.//

செங்காந்தள் அவர்களின் இந்த வாதத்துக்கு ஒரே ஒரு காட்சியை மட்டும் முன்வைக்கிறேன். எரிபொருள் நிலையத்துக் கடைக்கு வெளியே பள்ளி இசைக்குழு மாணவர்கள் கோரியை வம்புக்கு இழுத்து, அவன் கையில் காயம் ஏற்படும்போது, லாரி வந்து என்ன செய்கிறார்? காவலர்களை அழைக்கவில்லை. தன்னிடமிருந்த கத்தியை எடுத்து, அந்த மாணவர்களின் காரின் டயரைக் கிழிக்கும் வேலையைக் கோரியின் கையில் கொடுக்கிறார். அதன்பின் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அங்கே செவிலியாக இருக்கும் ஆலிசனுக்கு அறிமுகம் செய்துவைப்பவரும் அவரே. அமைதியடைந்த லாரி என்பது மேல்பூச்சுதான், அடியில் பழைய லாரி அப்படியே இருக்கிறார் என்பதை அந்தக் கத்தி சொல்கிறது. மேலும், கோரியின் வீழ்ச்சியில் அவருக்கும் பங்கு உண்டு என்று படம் சொல்லத் துணிகிறது. ஊர் மட்டும் அவனை உருவாக்கவில்லை.

பழைய கேசட் எழுதியது:

இந்தப் படத்தின் மீதான கோபத்தைப் புரிந்துகொள்ள, ஸ்லாஷர் வரிசைகள், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொல்லும் திகில் படங்கள், இதற்கு முன்பு 'முடிவு' என்று சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது என்பதைச் சற்று நினைவுகூர வேண்டும் என்று கருதுகிறேன்.

'ஃபிரைடே த தர்ட்டீன்த்' வரிசையின் நான்காம் பாகம் 1984இல் 'இறுதி அத்தியாயம்' என்ற பெயரோடே வந்து, அதன் கொலைகாரனான ஜேசனைச் சிறுவன் டாமி ஜார்விஸின் கையால் கொன்று முடித்தது. அடுத்த ஆண்டே ஐந்தாம் பாகம் வந்தது. அதில் முகமூடிக்குப் பின்னால் இருந்தவன் ஜேசன் அல்லன். மகனை இழந்த துயரத்தில் ஜேசனின் வேடத்தைப் பூண்ட ராய் என்ற ஆம்புலன்ஸ் ஊழியன். பார்வையாளர்கள் அதை ஏற்கவில்லை. 1986இல் மின்னல் தாக்கி உண்மையான ஜேசனே கல்லறையிலிருந்து எழுந்துவந்துவிட்டான். 1991இல் கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகரின் 'இறுதிக் கனவு' முப்பரிமாணக் காட்சிகளோடு வந்தது, 1994இல் ஃப்ரெடி திரும்பிவிட்டான். 1993இல் மீண்டும் ஜேசனுக்கு 'கடைசி வெள்ளிக்கிழமை' என்று அறிவித்தார்கள். அந்தப் படத்தில் ஜேசனின் தீமை உடல்விட்டு உடல் தாவுவதால், அவன் தன் உருவத்தில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. அதற்கும் இதே கோபம்தான் எழுந்தது.

ஹாலோவீன் வரிசைக்குள்ளேயே இந்தச் சிக்கல் மும்முறை வந்திருக்கிறது. 1982இல் வந்த மூன்றாம் பாகத்தில் மைக்கேல் கிடையவே கிடையாது. ஆண்டுதோறும் ஹாலோவீனை ஒட்டி வெவ்வேறு கதை சொல்லலாம் என்ற கார்பென்டர், டெப்ரா ஹில் ஆகியோரின் எண்ணத்தில் டாமி லீ வாலஸ் இயக்கிய படம் அது. வெளிவந்தபோது வெறுக்கப்பட்டது, இன்று அதற்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. 'ஹாலோவீன் எண்ட்ஸ்' படத்தின் பெயர்களும் எழுத்துகளும் நீல நிறத்தில் வருவது அந்த மூன்றாம் பாகத்துக்குச் செய்யப்பட்ட வணக்கம் என்பதைக் கவனித்தவர்கள், இது மைக்கேலை நடுவில் வைக்காத படமாக இருக்கப்போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்க முடியும். 1988இல் வந்த நான்காம் பாகமோ லாரியின் மகளான சிறுமி ஜேமி கையில் கத்தரிக்கோலோடு படிக்கட்டின் உச்சியில் நிற்பதோடு முடிந்தது. தீமை ஒருவரிலிருந்து மற்றவருக்குச் செல்லும் என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த ஐந்தாம் பாகத்தில் அதைத் தொடரும் மனம் தயாரிப்பாளர்களுக்கு இல்லை. 34 ஆண்டுகள் கழித்து கிரீன் கோரியின் வழியாக எழுதி முடித்தது அந்தக் கைவிடப்பட்ட கதையைத்தான் என்பது என் கருத்து.

மூன்றாவது, 1998இல் வந்த 'எச் டுவென்டி'. அதில் லாரி கோடரியால் மைக்கேலின் தலையைத் துண்டித்தார். இதைவிடத் தெளிவான முடிவு எந்த ஸ்லாஷர் படத்திலும் இல்லை. 2002இல் அடுத்த படம் வந்து, அவர் துண்டித்தது மைக்கேலின் தலை அன்று, முகமூடி மாட்டிவிடப்பட்ட ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரின் தலை என்று சொல்லி, லாரியையும் முதல் சில நிமிடங்களில் கொன்றுவிட்டது. ஒரு பார்வையாளனாக என்னை அதைப்போல் வேறெந்தத் தொடர்ச்சியும் புண்படுத்தியதில்லை. அந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள் 'ஹாலோவீன் எண்ட்ஸ்' படத்தின் இறுதிப் பகுதியை மைக்கேலின் உடலை உலோகம் நொறுக்கும் இயந்திரத்தில் போடுவதாக ஏன் அமைத்தார்கள் என்பதை உடனே புரிந்துகொள்வார்கள். அடையாளம் மாறிவிட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி, ஊரே நின்று பார்க்க, முகமூடி கழற்றப்பட்ட உடலை அழிக்கிறார்கள்.

பின்வரிசை எழுதியது:

//கிரீன் கோரியின் வழியாக எழுதி முடித்தது அந்தக் கைவிடப்பட்ட கதையைத்தான்//

வரலாற்றை இவ்வளவு தெளிவாகத் தந்தமைக்கு நன்றி. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் என் பக்கத்துக்கே வலு சேர்க்கின்றன. 1985இல் ஜேசனுக்குப் பதில் இன்னொருவனை வைத்தபோது பார்வையாளர்கள் ஏற்கவில்லை, 1982இல் மைக்கேல் இல்லாதபோதும் ஏற்கவில்லை என்பது தெரிந்திருந்தும் அதே இடத்தில் போய் ஏன் நின்றார்கள்? மூன்றாம் பாகமாவது முழுமையாக வேறு கதை. மைக்கேலைக் காட்டி அழைத்துவிட்டு மறைக்கவில்லை.

சுரங்கக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசைக்குழு மாணவர்கள் கோரியைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்ட பிறகு, மைக்கேல் அவனைச் சுரங்கத்துக்குள் இழுத்துச் செல்கிறான், கழுத்தைப் பிடிக்கிறான், கண்களுக்குள் பார்க்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். அந்தப் பார்வையில் என்ன நடந்தது? தீமை ஏதோ தொற்றிக்கொண்டதா, அல்லது ஏற்கெனவே அவனுக்குள் இருந்ததை மைக்கேல் அடையாளம் கண்டானா? படம் இரண்டையும் பாதி பாதி சொல்லி நிறுத்திவிடுகிறது. 'ஹாலோவீன் கில்ஸ்' படத்தில் ஒரு கூட்டமே அடித்தும் சுட்டும் சாகாமல் எழுந்து அனைவரையும் கொன்றவன், கொல்லக் கொல்ல மனிதன் என்ற நிலையைக் கடக்கிறான் என்று லாரியே சொன்ன அதே உருவம், அடுத்த படத்தில் கோரியோடு மல்லுக்கட்டி முகமூடியைப் பறிகொடுக்கும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே இயக்குநரின் தொடர்ச்சியான இரண்டு படங்கள் என்று நம்புவது கடினமாக இருக்கிறது.

இசைத்தட்டு எழுதியது:

கதையைப் பற்றியே விவாதம் செல்வதால், காட்சியையும் ஒலியையும் பற்றி நான் எழுதுகிறேன். இந்தப் படத்தின் மீது எனக்குள்ள பற்று பெரும்பாலும் அவற்றால் வந்தது.

கார்பென்டர் தன் மகன் கோடி கார்பென்டரோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து மூன்று படங்களுக்கும் இசையமைத்தார். 1978இல் ஐந்துக்கு நான்கு தாளத்தில் அவரே பியானோவில் அமைத்த அந்த எளிய மெட்டு, முதலிரண்டு படங்களில் மைக்கேலின் வருகையை அறிவிக்கும் முழக்கமாகவே பயன்பட்டது. இறுதிப் படத்தில் அதை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கோரியும் ஆலிசனும் மோட்டார் சைக்கிளில் செல்லும் பகுதிகளில் ஒலிக்கும் சின்தசைசர் இசையில் அச்சத்தைவிட ஏக்கமே அதிகம். ஒரு காதல் கதை தவறான திசையில் போகிறது என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே இசை சொல்லிவிடுகிறது.

பெயர்கள் வரும் தொடக்கப் பகுதியையும் பாருங்கள். 1978இல் ஒரே ஒரு பூசணி விளக்கு மெல்ல நெருங்கி வந்தது. இங்கே ஒரு பூசணிக்குள்ளிருந்து இன்னொரு பூசணி வெளிவருகிறது, அதற்குள்ளிருந்து மற்றொன்று. பழைய கேசட் அவர்கள் சொல்லும் கருத்தை, அதாவது தீமை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கிறது என்பதை, படம் அங்கேயே காட்டிவிடுகிறது. முதல் காட்சியில் கோரியும் சிறுவனும் தொலைக்காட்சியில் பார்ப்பது 1982இல் கார்பென்டர் எடுத்த 'த திங்'. 1978 படத்தில் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்ததோ அதே கதையின் 1951ஆம் ஆண்டுப் பழைய வடிவம். யார் மனிதன், யார் மனிதனைப் போல் வேடமிட்ட வேற்றுயிர் என்று தெரியாத கதை அது. எதிரே அமர்ந்திருப்பவனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத இந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை. கோரியின் குடும்பப் பெயரும் கார்பென்டரின் 1983ஆம் ஆண்டுப் படமான 'கிறிஸ்டீன்' கதையில், பழைய கார் ஒன்றின் பிடியில் சிக்கிக் கொடியவனாக மாறும் ஆர்னி கன்னிங்ஹாமை நினைவூட்டுகிறது. கிரீன் எந்தக் கார்பென்டரைத் தொடர்கிறார் என்பதற்கு இவையெல்லாம் சான்று. ஹாலோவீன் எடுத்த கார்பென்டரை மட்டும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது அந்நியமாக இருந்திருக்கலாம்.

கொலைக் காட்சிகளில் வானொலி அறிவிப்பாளனின் மரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. துண்டிக்கப்பட்ட நாக்கு இசைத்தட்டின் மேல் சுற்றிவந்து ஊசியில் மோதி மோதித் திரும்பும்போது, ஒலிபரப்பில் பாடலின் அதே இடம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஊர் முழுவதும் வம்பு பரப்பிய குரலுக்கு அப்படி ஒரு முடிவு.

செங்காந்தள் எழுதியது:

இசைத்தட்டு அவர்களின் பதிவுக்குப் பிறகு சில பகுதிகளை மீண்டும் பார்த்தேன். இசையைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. லாரியைப் பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் சமையலறைச் சண்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

மூன்று படங்களின் ஆரவாரத்துக்குப் பிறகு, கடைசி மோதல் ஒரு சாதாரண வீட்டின் சமையலறைக்குள், இரண்டு முதிய உடல்களுக்கு இடையில் நடக்கிறது. பெரிய வெடிப்பு இல்லை, எரியும் வீடு இல்லை. லாரி அவன் கையைக் கத்தியால் மேசையோடு அறைகிறார், குளிர்சாதனப் பெட்டியை அவன் கால்களின் மேல் சாய்க்கிறார், கழுத்தை அறுக்கிறார். அப்போதும் அவன் ஒரு கையை விடுவித்துக்கொண்டு அவர் கழுத்தை நெரிக்கிறான். அந்தக் கணத்தில் ஓடிவந்து அவன் கையை முறித்து பாட்டியைக் காப்பாற்றுபவள் ஆலிசன். பிறகு லாரி அவன் மணிக்கட்டை அறுத்து, இரத்தம் வடிந்து முடியும்வரை அருகிலேயே நிற்கிறார். 1978இல் மைக்கேலின் மருத்துவரான டாக்டர் லூமிஸ் ஆறு முறை சுட்டும், அவன் மாடியிலிருந்து விழுந்தும், கீழே பார்த்தால் உடல் இல்லை. அந்த வெற்றிடம்தான் இத்தனை ஆண்டுகளாக லாரியை உறங்கவிடவில்லை. அவன் இறப்பதைக் கண்ணால் பார்த்து முடிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. படம் அதை அவசரப்படாமல் அவருக்குத் தருகிறது. ஜேமி லீ கர்ட்டிஸ் அந்தச் சில நிமிடங்களில் வெற்றி முகம் காட்டாமல், ஒரு நீண்ட வேலை முடிந்ததைப் போன்ற களைப்பை மட்டும் காட்டியது இந்த ஏழு படங்களில் அவர் தந்த மிகச் சிறந்த நடிப்பு என்று நினைக்கிறேன்.

அதன்பின் வரும் ஊர்வலம்தான் என்னை விலக்குகிறது. உடலைக் காரின் மேல் கட்டி, ஊர் மக்கள் பின்தொடர, பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுசென்று இயந்திரத்தில் போடுகிறார்கள். சமையலறையில் இரண்டு பெண்களின் கையில் முடிந்த கதையை, திரும்பவும் கூட்டத்தின் கையில் கொடுத்தது ஏன்?

இருட்டறை எழுதியது:

//திரும்பவும் கூட்டத்தின் கையில் கொடுத்தது ஏன்?//

ஏனென்றால் இந்த மூன்று படங்களும் கூட்டத்தைப் பற்றியவை. 'ஹாலோவீன் கில்ஸ்' படத்தில் மருத்துவமனையில் நடந்ததை நினைவுகூருங்கள். டாமி டாய்ல் தலைமையில் திரண்ட மக்கள், மைக்கேலோடு தப்பி வந்த வேறொரு நோயாளியை மைக்கேல் என்று நம்பித் துரத்த, அந்த அப்பாவி மேல்தளத்திலிருந்து குதித்து இறக்கிறார். நல்லவர்கள், 1978இல் பாதிக்கப்பட்ட குழந்தைகள், ஓர் உயிரைப் பறிக்கிறார்கள். அந்தக் காட்சியில் கோரியின் கதைக்கான அடித்தளம் போடப்பட்டுவிட்டது. எனவே, கோரி முன்னறிவிப்பில்லாமல் வந்தான் என்ற பின்வரிசை அவர்களின் வாதத்தில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். பாத்திரம் புதியது, அவனுக்கு நேரப்போவது முந்தைய படத்திலேயே ஒருவருக்கு நேர்ந்துவிட்டது.

இறுதிப் படத்தில் கடையின் வாகன நிறுத்தத்தில் ஒரு பெண் லாரியைப் பார்த்துக் கத்துவதையும் நினைவில் கொள்ளுங்கள். மைக்கேலால் தாக்கப்பட்டுப் பேச்சிழந்த சோன்ட்ராவின் சகோதரி அவர். நீதான் மனநலம் குன்றிய ஒருவனைச் சீண்டி எங்கள் மேல் ஏவிவிட்டாய் என்று லாரியையே குற்றம் சாட்டுகிறார். கோரியை வெறுக்கும் அதே ஊர், தன்னைக் காக்கப் போராடியவரையும் வெறுக்கிறது. அப்படிப்பட்ட ஊர் வெறுப்பைக் கைவிட வேண்டுமானால், வெறுப்புக்கு உண்மையில் உரியவன் இறந்துவிட்டான் என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். லாரிக்கு அந்த உரிமை சமையலறையில் கிடைத்தது என்று நீங்கள் சொன்னீர்கள். ஊருக்கு அதே உரிமை கிடங்கில் கிடைக்கிறது. சோன்ட்ராவும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது, அதைத் தேவையற்ற காட்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பின்வரிசை அவர்கள் கேட்ட சுரங்கப் பார்வைக்கும் என் விடையைச் சொல்லிவிடுகிறேன். எதுவும் தொற்றவில்லை. பாலத்திலிருந்து தள்ளப்பட்ட அந்தக் கணத்தில் கோரி எல்லாவற்றையும் இழந்துவிட்டான். மைக்கேல் பார்த்தது அச்சம் இல்லாத ஒரு முகத்தை. அதனால்தான் பிறகு முகமூடி அணிந்து கொலை செய்யும்போதும் கோரி மைக்கேலாக ஆவதில்லை. மைக்கேல் கொன்றவர்கள் அவனுக்கு யாரோ. கோரி கொல்பவர்களில் பெரும்பாலோர் அவனை அவமதித்தவர்கள், அடக்கி வைத்தவர்கள், அவன் தாய் உட்பட. அந்த வேறுபாட்டை மைக்கேலும் உணர்ந்தவனைப் போலத்தான் கடைசியில் அவன் கழுத்தை முறித்து முகமூடியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

பழைய கேசட் எழுதியது:

அந்த இறுதி விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆலிசன் வந்துகொண்டிருப்பதை அறிந்து கோரி தன் கழுத்திலேயே கத்தியை இறக்கிக்கொள்கிறானே, அதில் கொலைவெறியைவிட வஞ்சம் அதிகம்: லாரிதான் குத்தினார் என்று ஆலிசன் நம்ப வேண்டும், பாட்டியும் பேத்தியும் பிரிய வேண்டும். மைக்கேலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கோரிக்குத் தெரியும். மனிதத் தீமை மைக்கேலைவிடக் கொடியது என்று சொல்லும் இடமாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

பின்வரிசை எழுதியது:

இருட்டறை அவர்கள் மருத்துவமனைக் காட்சியைக் கோரியோடு இணைத்தது இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள வாசிப்பு. அந்த இணைப்பு திரையிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். துரத்தப்பட்டு இறந்த அந்த நோயாளியின் பெயரை இறுதிப் படத்தில் ஒருவராவது சொல்கிறாரா? தாங்கள் ஓர் அப்பாவியைக் கொன்றோம் என்ற குற்ற உணர்வோடு ஒரு குடிமகனாவது காட்டப்படுகிறாரா? கோரியைப் பார்த்து, மீண்டும் அதே தவற்றைச் செய்கிறோம் என்று ஊரில் ஒருவர், ஹாக்கின்ஸாவது, வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மூன்று படங்களும் ஒரே கதையாகியிருக்கும். 'ஹாலோவீன் கில்ஸ்' அதே 2018 இரவிலேயே நின்றுகொண்டிருக்காமல், அதன் கடைசி இருபது நிமிடங்களில் 2019க்கு நகர்ந்து, ஜெரமியின் மரணத்தோடு முடிந்திருந்தாலும் போதும். கோரியை நாம் ஓர் ஆண்டு முன்பே அறிந்திருப்போம், இறுதிப் படம் அவனை அறிமுகம் செய்வதில் செலவழித்த நேரம் லாரியின் துயரத்துக்குக் கிடைத்திருக்கும், செங்காந்தள் அவர்கள் கேட்ட நான்கு ஆண்டுகளில் ஒரு பகுதியாவது திரையில் வந்திருக்கும்.

நல்ல எண்ணம் ஒன்று இந்தப் படத்துக்குள் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். அதைப் பார்வையாளர்களே மூன்று படங்களிலிருந்தும் தேடி எடுத்து ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது என்ற என் குறை மட்டும் மாறவில்லை.

செங்காந்தள் எழுதியது:

//அதன் கடைசி இருபது நிமிடங்களில் 2019க்கு நகர்ந்து, ஜெரமியின் மரணத்தோடு முடிந்திருந்தாலும் போதும்.//

இதை ஏற்றுக்கொண்டால் காரனின் மரணத்தை எங்கே வைப்பீர்கள்? இரண்டாவது படம் அவள் மரணத்தோடு முடிந்ததால்தான் அந்த அதிர்ச்சி நம்மோடு ஓர் ஆண்டு இருந்தது. அதற்குப் பின் ஒரு சிறுவனின் மரணத்தையும் சேர்த்தால் இரண்டுமே வலுவிழக்கும். என் பரிந்துரை வேறு. முதல் காட்சி இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். அதை அடுத்து, அதே 2019இல் லாரி காரனின் அறையைக் காலி செய்யும் ஒரு காட்சி வந்திருக்க வேண்டும். ஊர் ஒரு குழந்தைக்காகக் கோரியை வெறுக்கத் தொடங்கும் அதே வாரத்தில், ஒரு தாய் தன் குழந்தைக்காக யாரை வெறுப்பது என்று தெரியாமல் நிற்கிறார் என்பது அங்கேயே பதிந்திருக்கும். பிறகு அவர் கோரியின் கையில் கத்தியைக் கொடுக்கும்போது, இருட்டறை அவர்கள் விளக்கி எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.